முப்பத்தொன்றாம் எண் கோட்டு

ஐஸ் ரூமின் கனத்த கதவுக்கு வெளியே, ரப்பர்த் திரையை ஒட்டி, அவர் காத்துக்கொண்டு நின்றார். காலை ஷிஃப்ட் முடிந்துவிட்டது. உள்ளே மீன் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆள் வெளியே வந்தால்தான் இவர் உள்ளே போக முடியும். உள்ளே போட்டுக்கொள்ளும் தடித்த கோட்டு இருவருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்றுதான்.

கதவு திறந்து, வெண்புகையோடு மீசை வந்தான். அவனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. உள்ளே போகும்போது கன்னங்கரேலென்று இருக்கும் மீசை, வெளியே வரும்போது உறைபனி படிந்து கிழவன் மீசையாகிவிடும். கோட்டைக் கழற்றிக்கொண்டே ஏதோ சொன்னான். ஒன்றும் புரியவில்லை. அதிக நேரம் உள்ளே நின்றால் உதடு மரத்து, நாக்கு தடித்து, குடித்தவன் போலப் பேச்சு குழறும். அங்கே வேலை செய்பவர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்துகொள்ள அது ஒன்று போதும்.

"முதல்ல வெந்நிய குடி. இந்தப் பேச்சோட வீட்டுக்குப் போனா உன் பொண்டாட்டி கதவத் திறக்க மாட்டா" என்றார் இவர்.

மீசை சிரிக்கவில்லை. வெந்நீரை இரண்டு மடக்கு குடித்துவிட்டுத் திரும்பச் சொன்னான். "திங்கக்கிழமை வெளிநாட்டுல இருந்து சரக்கு எடுக்கிறவங்க பார்க்க வர்றாங்களாம்ண்ணே. ரெண்டு ஷிஃப்டும் ஒண்ணா வரிசையில நிக்கணுமாம். அவனவன் நம்பர் கோட்டு அவனவன் முதுகுல இருக்கணும், இல்லாதவன் கேட்டோட திரும்பிடலாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"திரும்பிடலாம்னா?"

"வேலை இல்லன்னுதாண்ணே அர்த்தம்."

இவர் கோட்டை மாட்டிக்கொண்டார். மீசையின் உடம்புச் சூடு இன்னும் அதில் இருந்தது. முதுகில் கம்பெனி பெயர், ஒரு மீன் படம், அதன் கீழே கை அகலத்துக்குப் பதினெட்டு என்ற எண். பதினெட்டு மீசையின் எண். இவருடையது முப்பத்தொன்று. ஆறு மாதமாக இரண்டு ஷிஃப்டிலும் பதினெட்டுதான் உள்ளே போய் வந்தது. சூப்பர்வைசருக்கும் அது தெரியும். பெட்டி ஏறினால் சரி என்று கண்டுகொள்ளாமல் இருந்தார்.

முப்பத்தொன்று மலைமேல் இருந்தது, அவர் மகளிடம்.

அவள் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று, "அங்க ரொம்பக் குளிருமாம்ப்பா" என்றாள். வருடம் முழுக்கக் காயும் ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குக் குளிர் என்பது கேள்விப்பட்ட சங்கதி. அந்த வீட்டில் குளிரைப் பற்றி முழுசாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கோட்டை இரண்டு தரம் துவைத்துக் காயப்போட்டு அவள் பெட்டியில் வைத்தார். "கம்பெனியில புதுசு குடுத்துட்டாங்க பாப்பா. இது பழசு, சும்மாதான் கிடக்குது" என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது. அவள் அம்மா இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாள். அம்மா போய் நான்கு வருடம் ஆகிவிட்டதால் அந்தப் பொய் பிழைத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பேருந்தைப் பிடித்தார். வளைவுக்கு வளைவு அது முனகித் திரும்பியது. மேலே ஏற ஏற ஜன்னலோரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணாடியை இழுத்து மூடினார்கள். அவர் வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பாப்பா, அந்தக் கோட்ட ஒரு பத்து நாளைக்குக் குடு.' எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் திருடன் கேட்பது போலவே இருந்தது.

விடுதி வாசலில் அவரை உட்காரவைத்துவிட்டுக் காவலுக்கு இருந்த அம்மாள் மகளைக் கூப்பிடப் போனாள். பெண்கள் நான்கு பேர், ஐந்து பேராகக் கைகோத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் மகள் தனியாக வந்தாள். கோட்டைத்தான் போட்டிருந்தாள், உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டி. தையலும் பிரிந்த நூலும் வெளியே தெரிந்தன. முதுகில் எண் இல்லை, மீன் இல்லை, சாம்பல் நிற உள்துணி மட்டும் இருந்தது.

"என்ன பாப்பா, மாத்திப் போட்டிருக்க?"

"இப்படிப் போட்டாத்தான் இன்னும் கதகதப்பா இருக்குதுப்பா" என்றாள். அவளுக்கும் பொய் சொல்ல வரவில்லை. அப்பாவின் கையைப் பிடித்து பேச்சை மாற்றிவிடப் பார்த்தாள். "என்னப்பா திடீர்னு? போன்ல சொல்லவே இல்ல."

"சும்மா, பார்க்கணும்போல இருந்துச்சு."

கேன்டீனில் சுவரோரமாக ஒற்றை நாற்காலி போட்ட மேசை ஒன்று இருந்தது. அவள் நேராக அங்கே போய் உட்கார்ந்தாள். கேன்டீன்காரன் கேட்காமலே ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தான். எதிரே நின்றவரைப் பார்த்துவிட்டு, "அட, இன்னைக்கு ரெண்டா!" என்று இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். அவர் இரண்டாவது டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவள் பேச ஆரம்பித்தாள். வகுப்புக்குள் மேகம் வந்து கரும்பலகையே தெரியாமல் போனது, துவைத்த துணி ஒரு வாரமானாலும் காயாதது, பாடம் நடத்துபவர் ஓடுகிற ரயில் மாதிரிப் பேசுவது, அறைக்குள் சிக்னல் இல்லாததால் பேருந்து நிற்கும் வளைவுக்கு நடந்துவந்து அவருக்கு போன் போடுவது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பாதியில் தொண்டை கட்டிக்கொண்டது. இருமிவிட்டு மறுபடி தொடர்ந்தாள். வாரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த பேச்சை இன்றைக்கே கொட்டித் தீர்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

"கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் எப்படி பாப்பா?"

"நல்லாத்தான் இருக்காங்க. அவங்க எல்லாம் ஏற்கெனவே ஒண்ணாப் படிச்சவங்க. பாடத்துல ஏதாவது கேட்டா சொல்லுவாங்க."

"மத்தபடி?"

"மத்தபடி என்ன பேசறதுப்பா?" என்று டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் நுழைந்த ஒரு பெண் இவர்களைப் பார்த்துவிட்டு, "ஏய் முப்பத்தொண்ணு! உங்க அப்பாவா?" என்று உரக்கக் கேட்டாள். வணக்கம் கூட வைத்தாள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்ட மாதிரி இல்லை. மகள் தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டாள். அவள் காது சிவந்துபோயிற்று.

அவர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் பதினேழு வருடமாக அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். 'முப்பத்தொண்ணு, இங்க வா.' 'முப்பத்தொண்ணு, அந்தப் பெட்டிய நகர்த்து.' அது தன் முதுகோடு போய்விடும் என்று அவர் நினைத்திருந்தார்.

"எத்தன நாளா இப்படிக் கூப்பிடுறாங்க?"

"முத நாள் வெளிப்பக்கமாத்தான் போட்டிருந்தேன். அப்ப இருந்து." டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லப்பா. என் பேர விட அது கூப்பிடச் சுலபமா இருக்குது போல" என்று சிரித்தாள்.

திரும்பும் பேருந்து வளைவில் வந்து நின்று ஹாரன் அடித்தது. இருவரும் நடந்தார்கள். பனிமூட்டம் காலடியிலேயே உருண்டு போனது. அவர் சொல்லிப் பார்த்துவைத்த வாக்கியம் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. கேட்காமலே போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. கேட்காமல் போனால் நாளை வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இவளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இதே வளைவில் நிற்க வேண்டியதுதான்.

"ஜிப்பு மக்கர் பண்ணுது போல இருக்கே பாப்பா" என்றார். "கழட்டிக் குடு. எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணிக் குடுத்தனுப்புறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, திரும்பக் கீழே இறக்கினாள். எங்கும் மாட்டாமல் வெண்ணெயாக ஓடியது. அவர் மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமாப்பா. அப்பப்ப மாட்டிக்குது" என்றாள்.

கோட்டைக் கழற்றினாள். அப்படியே கொடுக்கவில்லை. கைகளை உள்ளே விட்டுப் புரட்டி, மீனும் எண்ணும் வெளியே தெரியும்படி நேராக்கி, தூசி தட்டி, மடித்துக் கொடுத்தாள். உள்ளே பருத்திச் சட்டை ஒன்றுதான் போட்டிருந்தாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். அந்தத் துண்டால் வியர்வையைத் துடைக்கலாம், குளிருக்கு அது எதற்கும் ஆகாது. அது அவருக்குத் தெரியாதா என்ன.

"உங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லையேப்பா?"

"எனக்கென்ன! வர்ற வாரமே அனுப்பிடறேன்."

"மெதுவா அனுப்புங்க. இங்க இனிமே வெயில் காலந்தான்."

பேருந்து திரும்பும்போது பார்த்தார். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்றாள். ஐஸ் ரூம் கதவுக்கு வெளியே அவர் நிற்பது போலவே நின்றாள். இறங்கும் வழி முழுக்கக் கோட்டை மடியிலேயே வைத்திருந்தார். குளிரில் பல் அடித்துக்கொண்டபோதும் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை எல்லோரும் வரிசையில் நின்றார்கள். சூப்பர்வைசர் பசை உருளையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு முதுகிலும் காலரின் உள்பக்கத்திலும் உருட்டிக்கொண்டே வந்தார். தூசி, நூல், முடி எதுவும் மீன் பக்கம் போகக்கூடாது என்பதற்காக வைத்திருக்கும் உருளை அது.

"முப்பத்தொண்ணு. பரவாயில்லையே, கோட்டு கண்ணுல பட்டுடுச்சே" என்றவர் உருளையை நிறுத்தினார். பசைத்தாளில் நீளமான முடிகள் நான்கைந்து ஒட்டியிருந்தன. "இது யாரு முடிய்யா? இவ்வளவு நீளமா?"

"தெரியல சார். பஸ்ஸுல ஒட்டியிருக்கும்."

சூப்பர்வைசர் தாளை உரித்துச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். இவர் கண் அந்தத் தொட்டிக்குள்ளேயே போய் நின்றது. பக்கத்தில் நின்ற மீசை இவர் முழங்கையை லேசாக இடித்தான். "நேரா நில்லுண்ணே."

வந்தவர்கள் மூன்று பேர். அவர்களுக்கென்று புத்தம் புதுக் கோட்டுகள் உறை பிரிக்காமல் தயாராக இருந்தன. ஐஸ் ரூம் கதவருகே வந்தார்கள். கண்ணாடி வழியாக ஒரு நிமிடம் பார்த்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே கையைத் தேய்த்து ஏதோ சொன்னார். உள்ளே போகவில்லை. புதுக் கோட்டுகள் உறையோடு அலமாரிக்குத் திரும்பின.

போகும்போது அவர்கள் ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்கள். இனி வேலைக் கோட்டுகள் கம்பெனியை விட்டு வெளியே போகக்கூடாது. ஷிஃப்ட் முடிந்ததும் கம்பி வலை அறையில் மாட்டிவிட வேண்டும், சாவி சூப்பர்வைசரிடம் இருக்கும். அன்று மாலையே அது நடைமுறைக்கு வந்தது. அவர் முப்பத்தொன்றாம் கொக்கியில் கோட்டை மாட்டினார். சூப்பர்வைசர் வலைக்கதவைப் பூட்டினார்.

கேட்டுக்குப் போவதற்குள் போன் அடித்தது. மகள்தான். காற்று இரைச்சலில் இருந்தே தெரிந்தது, அவள் அந்த வளைவில் நிற்கிறாள்.

"ஜிப்பு சரியாயிடுச்சாப்பா?"

"ஆயிடுச்சு பாப்பா." சட்டை முதுகோடு ஒட்டும்படி வியர்த்துக்கொண்டிருந்தது. "அங்க எப்படி? குளிருதா?"

"இல்லப்பா. இங்க நல்ல வெயில்."

அவர் நடப்பதை நிறுத்தினார். அவளுடைய ஒவ்வொரு சொல்லும் உதட்டில் ஒட்டாமல், நாக்கு தடித்து, குடித்தவள் போலக் குழறி வந்தது. வலைக்கு அந்தப் பக்கம், பூட்டிய அறைக்குள், முப்பத்தொன்று கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு மாட்டியிருந்தது. நாளை அவர் ஷிஃப்ட் வரும்வரை அதைப் போட்டுக்கொள்ள யாரும் இல்லை.