சிவப்பை எடுத்த சொட்டு மருந்து

"அக்கா, கதவுகிட்ட வெள்ளையா யாரோ நிக்கிறாங்க. போகச் சொல்லேன்."

கதவருகே யாருமில்லை. மூத்தவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த தங்கை, எட்டு வயது வாலு, இடது கண்ணைக் கையால் பொத்திக் காட்டினாள்.

"இப்படிப் பொத்தினா நிக்கிறாங்க. வலது கண்ணைப் பொத்தினா போயிடுறாங்க."

மூத்தவளுக்குப் புரிந்தது. நிற்பது யாருமல்ல, வலது கருவிழிமேல் படர்ந்திருக்கும் புண். அதை அங்கே கூட்டிவந்து நிறுத்தியவள் தான்தான் என்று இங்கே சேர்த்ததிலிருந்து, நாலு நாளாக அவளுக்கு மட்டும் தெரியும்.

வராந்தா பெஞ்சில் அம்மா கண்ணயர்ந்திருந்தாள். தையல் கடையிலிருந்து நேரே வந்தவள். தலைமுடியில் இன்னும் நூல் ஒட்டியிருந்தது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அடிச்சாலும் பரவால்ல."

"இந்நேரத்துல என்னடி? பேயறைஞ்ச மாதிரி நிக்கிற!"

"உனக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப குடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்துச்சுல்ல? ஸ்கூல்ல போட்டோ எடுக்கறதுக்கு முந்தின நாள் இவ கண்ணு சிவந்திருந்துச்சு. முயல்னு கேலி பண்ணுவாங்கன்னு ஒரே அழுகை. அந்தச் சொட்டை இவ கண்ணுல விட்டேன். காலையில சிவப்பே இல்ல."

"ஒரு தடவையா?"

"ஒன்பது நாள். நிறுத்தினா மறுபடி சிவந்துச்சும்மா..."

"அடிப்பாவி! டாக்டர் தலைதலையா அடிச்சுக்கிட்டுக் கேட்டாரே! தண்ணியைத் தவிர எதுவும் படலன்னு நான் சத்தியம் பண்ணாத குறை. பக்கத்துலயே நின்னியே, வாயைத் தைச்சா வச்சிருந்த?"

திட்டி முடிக்கும்முன்பே அம்மா செருப்பை மறந்து ஓடியிருந்தாள்.

இரவுப் பணியிலிருந்த டாக்டரம்மா வந்து எல்லாவற்றையும் கேட்டார். வாலுவின் கண்ணில் மஞ்சள் சாயம் விட்டு நீல விளக்கைக் காட்டினார். கருவிழியில் பட்டுப்போன மரம்போலப் பச்சையாக ஒன்று ஒளிர்ந்தது.

"கிளை கிளையா இருக்கு பாருங்க, இது வைரஸ். சோதனையில பாக்டீரியா வந்ததும் நாங்க அதோட நிறுத்திட்டோம். இங்க ரெண்டும் சேர்ந்து குடியிருக்கு. நீ விட்டது ஸ்டீராய்டும்மா. வெளிய சிவப்பை அமுக்கிடும். உள்ள வைரஸுக்குப் பாய் விரிச்சுக் குடுத்த மாதிரி."

"பார்வை வந்துடுமா டாக்டர்?" என்றாள் அம்மா.

"வைரஸுக்கு இப்பவே மருந்து ஆரம்பிக்கிறேன். தழும்பு எவ்வளவு நிக்கும்னு ஆறினப்புறம்தான் தெரியும். இன்னும் ரெண்டு நாள் இவ சொல்லாம இருந்திருந்தா..."

புண்ணின் ஓரத்தைச் சுரண்டியெடுக்க வேண்டும், தலை ஆடக்கூடாது என்றார். மரத்துப்போக மருந்து விட்டார்கள். நர்ஸ் தலையைப் பிடிக்கப் போனதும் வாலு உதறினாள்.

"நீங்க வேணாம். அக்கா பிடிக்கட்டும். என் கண்ணுக்கு எப்படிப் பண்ணணும்னு அவளுக்குத்தான் தெரியும்."

அம்மா ஒதுங்கி வழிவிட்டாள். மூத்தவள் இரு கைகளுக்கிடையே அந்தச் சின்னத் தலையை வாங்கிக்கொண்டாள். வாலு இமைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.