நடுத்தகட்டுக்கு அந்தப் பக்கம்

முதல் சர்க்யூட் போர்டு மின்சாரம் கொடுத்ததுமே புகைந்தது. இரண்டாவது ஊமை, விளக்கு எரிந்ததே ஒழிய வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதுதான் பேசியது. மேஜையின் ஒரு மூலையில் கிடந்த அந்தச் சின்னப் பலகை, எதிர் மூலையில் இருந்த பெட்டிக்குக் கம்பியில்லாமல் ஓர் எண்ணை அனுப்பியது: 20.9. அறையின் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் அளவு. அதைப் பார்த்ததும் போர்டைச் செய்தவன் நாற்காலியை விட்டு எழுந்து, என்ன செய்வதென்று தெரியாமல் மேஜையை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

அவனுக்குச் சுருட்டை முடி. பெயரும் அதுவே ஆகிவிட்டது. அவனோடு சேர்ந்து வேலை செய்பவள் அவனுடைய அண்ணன் மனைவி. அவன் மூச்சுக்கு மூச்சு 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில், பட்டறைக்கு வந்துபோகிறவர்களுக்கெல்லாம், தலை நரைத்தவர்களுக்குக்கூட, அவள் அண்ணியாகிவிட்டாள். வீட்டின் முன்னறைதான் பட்டறை. போர்டை வரைவது, சால்டர் வைப்பது, பெட்டி செய்வது எல்லாம் சுருட்டை. அதிலிருக்கும் சில்லு என்ன செய்ய வேண்டும் என்று நிரல் எழுதிச் சொல்லிக்கொடுப்பது அண்ணி. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. இருவருக்கும் நடுவில் சண்டை வராமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்பான் அவள் கணவன்.

போர்டு ஒரு சமையல் எண்ணெய் ஆலைக்காக. அங்கே இரும்பில் செய்த ராட்சதத் தொட்டிகள் உண்டு. அடியில் தங்கும் கசடை ஆள் இறங்கித்தான் சுரண்ட வேண்டும். மூடிக் கிடக்கும் தொட்டிக்குள் காற்று கெட்டுப்போகும். கெட்ட காற்றுக்கு வாடை இருந்தே தீரும் என்பதில்லை. தலை சுற்றுகிறதே என்று நினைப்பதற்குள் கால் மடங்கிவிடும். இறங்குவதற்கு முன் ஒரு மீட்டரைக் கயிற்றில் விட்டு அளப்பது ஆலையின் வழக்கம். ஆனால் இறங்கிய பிறகு காற்று கெட்டால்? அதற்குத்தான் இந்தப் போர்டு. இறங்குகிறவன் அதை மார்பில் கட்டிக்கொள்வான். அது நொடிக்கொரு தரம் அளவைச் சொல்லும். வெளியே பெட்டியில் எண் தெரியும். எண் குறைந்தால் பெட்டி அலறும். தலை சுற்றி விழுகிறவனுக்கு அலாரம் கேட்டுப் பயனில்லை, வெளியே இருப்பவர்கள்தான் இழுக்க வேண்டும் என்பதால் அலாரத்தை வெளியில்தான் வைத்திருந்தார்கள்.

முதல் தடவை ஆலைக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது மானம் போயிற்று. முற்றத்தில் யாராவது குறுக்கே நடந்தால் போதும், எண் மறைந்து அந்த இடத்தில் மூன்று கோடு வரும். லாரி வந்து நின்றால் கோடு. மேற்பார்வையாளர் டீ குடிக்கும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்றாத மனிதர். அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, ஆ ஊன்னா கோடு போடுது? முதலாளி பாத்தா ஒரே வார்த்தையில முடிச்சிடுவாரு. அடுத்த தடவ வரும்போது இந்தக் கோடெல்லாம் இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

சுருட்டை விடவில்லை. ஆன்டெனாவைப் போர்டின் ஓரத்துக்குத் தள்ளி, அதைச் சுற்றியிருந்த செம்பை எடுத்துவிட்டு, புதிதாக வரைந்து அச்சடிக்க எடுத்துக்கொண்டு ஓடினான். அவன் இல்லாத அந்த மத்தியானம் அண்ணி தனியாக உட்கார்ந்து நிரலில் ஒரே ஓர் இடத்தை மாற்றினாள். புது எண் வரவில்லை என்றால் கோடு போடாதே. கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிரு. நடுவில் ஒரு நொடி, இரண்டு நொடி விட்டுப்போவதை மறைப்பதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றியது. எவ்வளவு நேரம் வரை அப்படிக் காட்டலாம் என்று ஒரு எல்லை வைக்க வேண்டும். அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த அப்புறம் வரவேயில்லை.

புதுப் போர்டு வந்து பூட்டியதும் சுருட்டை அதை மேஜையில் வைத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினான். திரும்பி வந்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது, முகமெல்லாம் பல்.

"ஒரு கோடு கூட வரலையே அண்ணி! நான் சொன்னேன்ல? எல்லாம் ஆன்டெனா. ஓரத்துக்குத் தள்ளினேன் பாருங்க, அங்க இருக்கு சூட்சுமம்!"

சொல்லிவிடலாம் என்று அவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது?

"ம். நல்லா வருது" என்றாள்.

சோதனை நாளன்று தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாம் தயாராக இருந்தது. அது படுத்த வாக்கில் கிடக்கும் தொட்டி. மேலே ஒரு ஓரத்தில் ஆள் இறங்கும் வாய், அதைச் சுற்றி ஆட்கள் நிற்க ஒரு மேடை. உள்ளே சரிபாதியில் குறுக்கே ஓர் இரும்புத் தகடு. அதில் குனிந்து போக ஒரு வழி. வாய்க்கு மேல் கப்பி கட்டி, கயிற்றோடு ஒருவர் நின்றார். இறங்குகிறவன் உயிர் அவர் கையில் என்பதால் ஆலையில் அவரைக் கயிற்றுக்காரர் என்றே சொல்வார்கள். அவர் தன் ஆளை இறக்கத்தான் இருந்தார். சுருட்டை குறுக்கே வந்து நின்றுகொண்டான்.

"நாங்க செஞ்ச பொருளு. அதை இன்னொருத்தர் நெஞ்சுல கட்டிவிட்டு நான் வெளிய நின்னு வேடிக்க பாக்கறதா? நான் இறங்கறேன்."

"டேய், வேண்டாம்டா" என்றாள் அண்ணி.

"பத்தரமாத்தான் இருக்கும், விடுங்க. பெட்டியப் பாக்கறது நீங்க. எனக்கென்ன பயம்?"

மேற்பார்வையாளர் தாடையைச் சொறிந்துவிட்டுத் தலையாட்டினார். கயிற்றுக்காரர் மட்டும் முகம் கொடுக்காமல், கயிறு மாட்டும் வாரை அவன் உடம்பில் இழுத்து இழுத்துக் கட்டினார். "நடுத்தகடு தாண்டாத. கயித்த ரெண்டு தடவ இழுப்பேன், நீயும் ரெண்டு தடவ இழுக்கணும். புரிஞ்சுதா?"

ஆலையின் மீட்டரை இறக்கிப் பார்த்தார்கள், சரியென்றது. காற்று ஊதும் குழாயை உள்ளே விட்டார்கள். சுருட்டை ஏணியில் இறங்கினான். பெட்டியில் 20.8. பிறகு 20.7, 20.8, 20.7. அவன் கீழே நின்று அண்ணாந்து கையசைத்தான். அண்ணியும் பெட்டியைத் தூக்கிக் காட்டினாள். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, "பரவால்லையே, ஒரு கோடும் காணோம்" என்றார். கோடு ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

உள்ளிருந்து சுருட்டையின் குரல் இரும்பில் பட்டு எதிரொலித்து வந்தது. "அண்ணி! தகட்டுக்கு அந்தப் பக்கமும் சிக்னல் வருதான்னு எட்டிப் பாத்துடறேன்!"

"தாண்டாதன்னு சொன்னேன்ல!" என்று கத்தினார் கயிற்றுக்காரர். கயிறு அதற்குள் அவர் கையிலிருந்து வழுக்கி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"வருதா?" என்று கேட்டது குரல், இப்போது தூரத்திலிருந்து.

அண்ணி பெட்டியைப் பார்த்தாள். 20.7.

"வருது, வருது!" என்றாள்.

அதன் பிறகு அவன் பேசவில்லை. எங்கெங்கே எட்டுகிறது என்று மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். காற்று இயந்திரம் இரைந்தது. மேற்பார்வையாளர் எதையோ சொல்லிச் சிரித்தார். அவள் கண் பெட்டியிலேயே இருந்தது. 20.7. எங்கேயோ இடித்தது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. மேஜையில் சும்மா கிடக்கும்போதுகூட அந்தக் கடைசி இலக்கம் ஓர் இடத்தில் நிற்காது. ஏழாகும், எட்டாகும், மறுபடி ஏழாகும். இப்போது அது சுவரில் எழுதி வைத்ததுபோல அசையாமல் நின்றது.

இரண்டே எட்டில் தொட்டியின் வாய்க்குப் போனாள்.

"சுருட்டை!" என்று உள்ளே குனிந்து கத்தினாள். "டேய், இந்தப் பக்கம் வாடா!"

பதில் இல்லை. கயிற்றுக்காரர் கயிற்றை இரண்டு தடவை சுண்டி இழுத்தார். காத்திருந்தார். மறுபடி இழுத்தார். கயிறு தொய்வாகவே கிடந்தது.

"தூக்குங்க! உடனே தூக்குங்க!"

"ஏம்மா பதட்டப்படறீங்க? நம்பர் நல்லாத்தானே இருக்கு?" என்றார் மேற்பார்வையாளர்.

"அது பழைய நம்பர்! பொய் நம்பர்! தூக்குங்கன்னா!"

கயிற்றுக்காரர் காரணம் கேட்கவில்லை. காலை ஊன்றி இழுக்கத் தொடங்கிவிட்டார். சில முழம் வந்தது. பிறகு நின்றது. தகட்டின் விளிம்பில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. அண்ணி பெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் கால் வைத்தாள். அவர் தன் முழங்காலைக் குறுக்கே போட்டு அவளைத் தடுத்தார்.

"நீங்களும் உள்ள போய் விழணுமா? அப்புறம் யாரைன்னு நான் இழுக்கறது? இந்தப் பக்கம் வாங்க. கயித்தப் புடிங்க!"

அவள் பிடித்தாள். மேற்பார்வையாளரும் ஓடிவந்து பிடித்தார். கயிற்றுக்காரர் கயிற்றைத் தளரவிட்டு, பக்கவாட்டில் ஒரு சுண்டு சுண்டினார். அசையவில்லை. மறுபடி தளரவிட்டார். அவள் உள்ளங்கையில் நார் அறுத்தது, வலி தெரியவில்லை. வாய்க்குள்ளே எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். என்ன சொன்னாள் என்று பின்னால் கேட்டபோது அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது தடவை சுண்டியபோது கயிறு விடுபட்டது. உள்ளே ஏதோ கனமாகச் சேற்றில் இழுபடும் ஓசை. சுருட்டையின் தலை தகட்டு வழியாக இந்தப் பக்கம் வந்த அந்தக் கணத்தில், மேடையில் கிடந்த பெட்டி அலறியது. 9.2. தகட்டுக்குப் பின்னால் இத்தனை நேரம் அடைபட்டுக் கிடந்த உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. அங்கே கசடு அதிகம். அவன் மிதிக்க மிதிக்க அடியிலிருந்த கெட்ட காற்று கிளம்பியிருக்கிறது. ஊதிய நல்ல காற்று தகட்டைத் தாண்டவில்லை. சிக்னலும் தாண்டவில்லை.

மேலே தூக்கிப் படுக்க வைத்தபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. எண்ணெய்க் கசடு படிந்து முடி தலையோடு ஒட்டிக்கிடந்தது. கயிற்றுக்காரர் வாயைத் துடைத்து மூக்கில் ஆக்சிஜன் முகமூடியை வைத்து அழுத்தினார். அண்ணி அவன் கால்மாட்டில் மண்டியிட்டு, அவன் செருப்பில்லாத ஒரு பாதத்தை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மார்பு தூக்கிப் போட்டது. இருமினான். திரும்பிப் படுத்து வாந்தியெடுத்தான்.

"என்னாச்சு?" என்று முனகினான்.

முதலுதவி அறையில் டாக்டர் பார்த்துவிட்டு ஆபத்தில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் இருக்கட்டும் என்றார். மேற்பார்வையாளர் அன்றுதான் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"சொன்னா நம்ப மாட்டீங்க, நான் பயந்தே போயிட்டேன். ஆனா உங்க பெட்டி கத்துச்சு பாருங்க! அது இல்லன்னா தம்பி கதை என்ன ஆயிருக்கும்? நான் முதலாளிகிட்ட நேர்ல சொல்றேன்."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். காரியம் கைகூடிவிடும். அண்ணி கட்டிலைப் பார்த்தாள். சுருட்டை முகமூடிக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான்.

"இல்ல சார். பெட்டி கடைசியிலதான் கத்துச்சு. அதுக்கு முன்னாடி பூரா பொய் சொல்லிட்டிருந்துச்சு. சிக்னல் இல்லன்னா பழைய நம்பரையே காட்டுற மாதிரி நான்தான் எழுதி வச்சேன். கோடு வரக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, அதுக்காக."

மேற்பார்வையாளர் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டிலில் சுருட்டை கண்ணைத் திறந்திருந்தான். முகமூடியை விலக்கினான்.

"அப்ப, வருது வருதுன்னு சொன்னீங்களே?"

"அதப் பாத்துத்தான்டா சொன்னேன்."

"மாத்தினது எனக்குத் தெரியாது."

"சொல்லல. நீ ஆன்டெனான்னு அவ்வளவு சந்தோஷப்பட்ட. சொல்ல வாய் வரல."

அவன் முகமூடியை மறுபடி வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

சுருட்டை வீடு திரும்பிய இரவு அவளே கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் திட்டவில்லை. தம்பியின் அறை வாசலில் போய் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. சுருட்டை அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் வேண்டுமென்றால், "அண்ணா, தண்ணி" என்று பக்கத்தில் அவள் இருக்க எதிரில் இருப்பவனிடம் கேட்பான். பட்டறைப் பக்கமே வரவில்லை.

அவள் மட்டும் வந்து உட்கார்ந்தாள். நிரலைப் பிரித்தாள். புது எண் வரவில்லை என்றால் பெட்டி அலற வேண்டும், எதிரே முதலாளி நின்றாலும் சரி என்று எழுதினாள். பெட்டி அலறிக்கொண்டேயிருந்தது. அடுத்த வீட்டுத் தையற்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது தடவை அலறியபோது கதவைத் திறந்தது சுருட்டை.

"ஆன்டெனா ஒண்ணுமே பண்ணலையா?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பண்ணிருக்கும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுடா. நான் அளந்து பாக்கவே இல்ல."

"இப்ப அளப்போம்" என்று பழைய போர்டையும் புதுப் போர்டையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். அவள் பெட்டியோடு வாசலில் நின்றாள். புதுப் போர்டு ஏறத்தாழ இரண்டு மடங்கு தூரம் பேசியது. அதைக் கேட்டும் அவன் சிரிக்கவில்லை. "இரும்புத் தகட்டுக்கு இது பத்தாது" என்றான். கயிற்றோடு கூடவே போய் தகட்டு வழியில் தொங்கும்படி இன்னொரு சின்னப் போர்டு வைத்தால், அது உள்ளிருப்பதை வாங்கி வெளியே கொடுக்கும் என்று வரைந்து காட்டினான். அவள் நிரலை எழுதினாள். இந்தத் தடவை ஒவ்வொரு இடத்தையும் அவனுக்குச் சொல்லிச் சொல்லி எழுதினாள்; புரியாவிட்டாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஆலைக்குள் மறுபடி நுழைய நாளாயிற்று. மேற்பார்வையாளர் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கயிற்றுக்காரர்தான் அவரிடம் போய், அந்தப் பொண்ணு அன்னைக்கு மறைச்சிருக்கலாம், மறைக்கல, ஒரு தடவ பாப்போம் என்று சொன்னாராம். ஆள் இறங்காமல், போர்டை ஒரு நீளக் கம்பில் கட்டி நடுத்தகட்டுக்கு அந்தப் பக்கம் நீட்டிச் சோதித்தார்கள். எண் வந்தது. தகட்டிலிருந்த சின்னப் போர்டைக் கழற்றினார்கள். பெட்டி ஊரைக் கூட்டியது. கயிற்றுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். ஆலையில் இப்போது அதைத்தான் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள்.

அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் பேச்சுவார்த்தை பழையபடி ஆகிவிட்டது, கேலியும் கிண்டலும் உட்பட. ஒன்று மட்டும் மாறிவிட்டது. ஏதாவது வேலை செய்கிறது என்று அவள் சொன்னால் சுருட்டை தலையை நிமிர்த்திக் கேட்கிறான்: "பாத்தீங்களா, இல்ல சும்மா சொல்றீங்களா?" அவளுக்குக் கோபம் வருவதில்லை. எழுந்துபோய் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள்.