நாக்யோங் விற்ற அலறல்கள்

சாவதுதான் நாக்யோங்கின் பிழைப்பு. பெரியவர்களுக்கு மட்டும் என்று முத்திரை குத்தி வருகிற கொலை விளையாட்டுகளில், வெட்டுப்படும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் குரல். சியோலில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று, தொண்டை வறளாமல் இருக்க ஆப்பிள் துண்டைக் கடித்துவிட்டு அலறுவாள். "அக்கா, கொஞ்சம் மெதுவா சாகுங்க. கோடாலி இன்னும் முழுசா இறங்கல," என்பான் ஒலிப்பதிவாளன். அவளும் சிரித்துக்கொண்டே மெதுவாகச் சாவாள்.

எட்டு வயது மகள் பொமியிடம், கார்ட்டூன் முயலுக்குப் பேசுவதாகச் சொல்லி வைத்திருந்தாள். முத்திரை குத்தினால் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஊர் இது! மேல்மாடித் தோழி சியு வீட்டில், சியுவின் அப்பா கணக்கில் நுழைந்து இரண்டு வாண்டுகளும் அதே கொலை விளையாட்டுகளைத் தினமும் ஆடிக்கொண்டிருந்தன. நாக்யோங்குக்கு அது தெரியாது.

கொஞ்ச நாளாகப் பிள்ளையின் பார்வை சரியில்லை என்பது மட்டும் தெரிந்தது. சாப்பிடும்போது அம்மாவின் முகத்தை விட்டுவிட்டுத் தொண்டையையே பார்த்தது. ஒருநாள் பின்னால் வந்து, கழுத்தில் சில்லென்று ஒரு கரண்டியை வைத்தது. அவள் அலறித் துள்ளினாள். "நல்லா இருந்துச்சும்மா," என்றது, பாராட்டுகிற குரலில்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கணவன் உல்சானில், கப்பல் கட்டுகிற வேலையில் இருந்தான். நாக்யோங் குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் ஏதோ முறிந்தது. வீடே அதிர அலறினாள்.

பொமி வந்தாள். ஓடி வரவில்லை, நடந்து வந்தாள்.

"போனை எடுடி. ஆம்புலன்சைக் கூப்பிடு."

"இப்ப எந்திரிச்சிடுவம்மா."

"என்னடி உளர்ற?"

"சியு வீட்டுல நீ எப்பவும் எந்திரிச்சிடுவியே. கொன்னதும் கொஞ்ச நேரம் கிடப்ப. மறுபடி தொடங்கினா வாசல்ல நிப்ப." பொமி சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் கொடுமை.

"கண்ணு, இது நெசம். அம்மாவுக்கு உயிர் போகுது."

"அதையும் சொல்லுவ."

"கெஞ்சிக் கேக்குறேன், காப்பாத்துடி."

"அது கடைசில வரும்," என்றாள் பொமி.

நாக்யோங் அழுதாள். அந்த அழுகையும் விற்றதுதான். வலித்தால் ஒரு மனுஷி எழுப்பக்கூடிய சத்தத்தில் ஒன்றைக்கூடத் தனக்கென்று அவள் மிச்சம் வைக்கவில்லை. வேறு வழி தெரியாமல் வாயை மூடினாள். பல்லைக் கடித்து, முனகலை விழுங்கி, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

பொமி காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள்.

"போதும்மா. எந்திரி."

ஒரு சின்னக் கை கன்னத்தைத் தொட்டது, தள்ளியது, உலுக்கியது. இடுப்பில் வலி கொன்று எடுத்தது. அவள் மூச்சுக்கூட விடவில்லை.

"அம்மா?" குரல் உடைந்தது. "இனிமே உன்னைக் கொல்லமாட்டேம்மா. சத்தியமா."

'இருக்கேன்டி கண்ணு' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் பிள்ளை மறுபடி உட்கார்ந்துவிடும். கூடத்திலிருந்து பொமி போனில் தேம்புவது கேட்கும்வரை நாக்யோங் கண்ணைத் திறக்கவில்லை.