நைலான் கயிற்றில் ஒரு பக்கெட்

புனிதாவின் புருஷன் தமிழ்மணி எரிந்தது, திண்டிவனம் பைபாஸ் ஓரம் கோதண்டபாணியின் டேங்கர் லாரி கழுவும் ஷெட்டில். டேங்க் கழுவ வந்தவன் உள்ளே பீடி பற்றவைத்தான், டேங்க் வெடித்தது என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னான். சொந்த ஊரான காணையில் புனிதாவின் மாமியார் சின்னபொண்ணு அதை நம்பி, மகன் படத்துக்கு ஒரு பூகூடப் போடவில்லை.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் மூச்சு நிற்குமுன் தமிழ்மணி பெண்டாட்டியிடம் உண்மையைச் சொல்லியிருந்தான். கழுவிய தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று மொண்டு பார்க்கும் அவசரத்தில், முதலாளிதான் நைலான் கயிற்றில் இரும்பு பக்கெட்டை உள்ளே இறக்கினான்.

அதில் என்ன தப்பு என்கிறீர்களா, கண்ணுகளா? பெட்ரோல் இருந்த டேங்கில் தண்ணீரைப் பீச்சினால் பனியாகப் பறக்கும். அந்தப் பனியில் மின்சாரம் ஏறியிருக்கும். நைலானில் தொங்கும் இரும்பு அதை வாங்கி வைத்துக்கொள்ளும். டேங்கின் வாயோரம் லேசாக இடித்தால் பொறி. மிச்சமிருக்கும் ஆவிக்கு அது போதும்.

புனிதா அதே ஷெட்டில் கூட்டிப் பெருக்கும் வேலை கேட்டாள். நல்லவன் என்று பெயர் வாங்க அவனும் கொடுத்தான். வெடித்த நாளிலிருந்து அவன் டேங்க் பக்கம் மூக்கைக்கூடக் காட்டுவதில்லை. அது அவளுக்கு வசதியாகப் போயிற்று.

ஒருநாள் தமிழ்மணியின் சிநேகிதன், கண்டமங்கலத்து டிரைவர் ஜெகதீசன் ஒரு டேங்கரைக் கொண்டுவந்து, பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும் பெயிண்ட் தின்னர் லோடு இறக்கிய வண்டி என்றான். சின்னபொண்ணுவையும் புனிதா வரவழைத்திருந்தாள். உள்ளே தண்ணீர் பீச்சிக்கொண்டிருக்கும்போது மேலே ஏறி, நைலான் கயிற்றில் இரும்பு பக்கெட்டை இறக்கினாள்.

கோதண்டபாணி தூரத்திலிருந்தே கத்தினான்.

"ஏம்மா, ஆட்டாத. ஓரத்துல இடிச்சா பொறி வரும்மா."

"பீடியிலதான வரும், மொதலாளி? நீங்கதான சொல்லிக்கினு திரிஞ்சீங்க."

கயிற்றை ஆட்டினாள். டங்கென்று இடித்தது. அதற்குள் அவன் ஒற்றைச் செருப்போடு ரோட்டுக்கு ஓடியிருந்தான். ஒன்றும் ஆகவில்லை.

"மல்லாட்டை எண்ண லோடுங்க, வெறும் கடலெண்ண, பத்திக்கிற ஆவியே கெடையாது. கிட்ட வந்து மோந்து பாத்தா தெரியும்," என்றான் ஜெகதீசன். ஷெட்டே சிரித்தது.

சின்னபொண்ணு சிரிக்கவில்லை. விழுந்து கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள்.

"அன்னிக்கி பக்கெட்ட எறக்குனது யாருடா?"

அத்தனை டிரைவர்கள் முன்னால், "நான்தான்" என்றான்.

காணையில் படத்துக்கு மாலை ஏறியது. புனிதா ஷெட்டுக்கு எதிரே டீக்கடை போட்டாள். வாசலில் நைலான் கயிற்றில் பக்கெட் தொங்குகிறது. ஏன் என்று கேட்கிற டிரைவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். டீயைக் குடித்துவிட்டு அவர்கள் லாரியை வேறு ஷெட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள். கோதண்டபாணி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.