சீமாட்டிகளின் சுண்டுவிரல்

அந்த ஊரில் மாளிகை என்று சொல்லத்தக்க வீடுகள் பதினெட்டு. அதில் பதினேழு வீட்டுக் கூடங்களில் ஓவியர் ஒருவர் வரைந்த சீமாட்டி ஒருத்தி, மடியில் கை வைத்துக்கொண்டு, சட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பாள். முகம் வீட்டுக்கு வீடு மாறும். கை மட்டும் மாறாது. பதினேழும் ஓவியருடைய மனைவியின் கை.

மோசடி என்று பதற வேண்டாம், தொழில் அப்படி. சீமாட்டிகளால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆடாமல் அசையாமல் இருக்க முடியாது. முதுகு வலிக்கும், கொட்டாவி வரும், நாய்க்குட்டி கூப்பிடும். அந்த அரை மணியில் முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓவியர் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார். பின்னாலேயே பட்டு உடுப்பும் மோதிரப் பெட்டியும் காவலோடு வந்து இறங்கும். மாடி அறை ஜன்னலோரம் மனைவி அதையெல்லாம் மாட்டிக்கொண்டு உட்காருவாள். அடுப்பில் பால் பொங்கினாலொழிய அசையமாட்டாள்.

"விரலைக் கொஞ்சம் தளர்த்தும்மா. பரம்பரைப் பணக்காரி மாதிரி வெச்சுக்கோ."

"அவ எப்படி வெச்சுக்குவா?"

"ஒரு வேலையும் பார்க்காத மாதிரி."

"அப்போ உங்க கையைப் பார்த்தே வரையலாமே," என்பாள் அவள்.

அவளுடைய இடது சுண்டுவிரல் நுனியில் உள்பக்கமாக வளைந்திருக்கும். ஏழு வயதில் கதவிடுக்கில் மாட்டி ஒடிந்து, கோணலாகவே சேர்ந்துகொண்ட விரல். ஓவியர் அதை நேராக்கி வரைந்திருக்கலாம். ஆனால் முகத்தில் பொய் சொல்லத் தெரிந்த அளவுக்கு அவருக்குக் கையில் சொல்லத் தெரியாது. எதிரில் இருந்ததை அப்படியே வரைந்துவிட்டார். பார்த்தவர்களோ, "ஆகா, அந்த விரலில்தான் என்ன நளினம்!" என்று உருகிப்போனார்கள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அந்த ஊரில் வம்சாவளி எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். மாளிகைக்காரர்களுக்கு முன்னோர்களைத் தேடிக் கொடுப்பதே அவருக்குப் பிழைப்பு. தேடிக் கிடைக்காத வீட்டுக்குத்தான் இன்னும் நல்ல முன்னோர்களாகக் கிடைப்பார்கள். அந்த மனிதர் பதினேழு படத்தையும் உற்று உற்றுப் பார்த்துவிட்டு, வளைந்த சுண்டுவிரல்தான் உயர்குலத்து ரத்தத்தின் அடையாளம் என்று தோல் அட்டை போட்ட புத்தகமே எழுதிவிட்டார்.

சீமாட்டிகள் தங்கள் கையைப் பார்த்திருக்கமாட்டார்களா? பார்த்தார்கள். விரல் நேராக இருந்தது. தனக்கு மட்டும்தான் இந்தக் கேடு என்று ஒவ்வொருத்தியும் வாயை மூடிக்கொண்டு கையுறை மாட்டிக்கொண்டாள். பெண் குழந்தைகளின் சுண்டுவிரலை நாடா போட்டு வளைத்துக் கட்டினார்கள். பாவம், அந்தப் பிள்ளைகள் பந்து பிடிக்க முடியாமல் அழுதன. நேர் விரல் என்று ஒரு கல்யாணமே நின்றுபோயிற்று.

ஓவியர் என்ன செய்தார்? வெளியே பயபக்தியோடு தலையாட்டினார், வீட்டுக்கு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. முதல் சீமாட்டிக்குக் கை கொடுத்த நாளிலிருந்தே அவளுக்கு வேண்டியது வேறு.

"என்னை ஒரு படம் வரைஞ்சு குடுங்களேன். முகமும் கையும் சேர்ந்தாப்ல."

"அடுத்த மாசம்" என்றார். அந்த அடுத்த மாதம் வர இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. கடைசியில் அவள், "வரைஞ்சாத்தான் இனிமே கை," என்று சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் வரைந்தார். ஒற்றைப் புருவம் உயர்ந்த அந்த முகமும், களைத்த கண்ணும், மடியில் கிடந்த அந்தக் கையும் அப்படியே வந்துவிட்டன. அவர் வாழ்நாளில் வரைந்த ஒரே நல்ல படம் அதுதான். அவருக்கே ஆச்சரியம் தாங்கவில்லை. பாராட்டுக்கு ஆசைப்பட்டு ஊர்க் கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தார். அவளும் இருப்பதிலேயே நல்ல உடுப்பை உடுத்திக்கொண்டு, படத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

அன்றைக்கென்று பதினெட்டாவது மாளிகையின் பெரிய சீமாட்டி வந்து சேர்ந்தாள். அவள் படத்தைத்தான் ஓவியர் அடுத்து வரையப்போகிறார். அது நகர மண்டபத்தில் மாட்டப்படும். கூடவே அவருக்குத் தங்கப் பதக்கம், 'சீமாட்டிகளின் ஓவியர்' என்ற பட்டம் எல்லாம் உண்டு. பெரிய சீமாட்டி படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரைக் கேட்டு எங்க குலத்து விரலை உங்க பெண்டாட்டிக்குப் போட்டீங்க?"

'இது அவளோட விரல்தான் அம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனைவி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓவியர் பெரிய சீமாட்டியின் பக்கம் குனிந்தார்.

"தப்பு நடந்துபோச்சும்மா. இப்பவே நேராக்கிடறேன்."

அங்கேயே ஒரு தூரிகை கேட்டு வாங்கி, அத்தனை பேர் முன்னால், அந்த விரலை நேராக்கினார். மனைவி வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

பெரிய சீமாட்டியின் முகம் முடிந்து, பட்டும் மோதிரமும் வந்து இறங்கிய அன்று, மனைவி அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"மேல வரலியா?"

"என் விரல்தான் நேராயிடுச்சே. இனிமே நான் எதுக்கு?"

"அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா நம்ம பிழைப்பே போயிருக்கும்மா. புரிஞ்சுக்கோ."

"அவ்வளவு பேர் நடுவுல என் கையைத் திருட்டுக் கையா ஆக்கிட்டீங்க," என்றாள் அவள். "போங்க, அந்தம்மா கையையே கேட்டு வாங்கி வரைஞ்சுக்குங்க."

கெஞ்சிப் பார்த்தார், முறைத்துப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. மனசில் நினைத்து வரைந்தால் கிழங்குக் கொத்து மாதிரி வந்தது. கடைசியில் மாளிகைக்கே போய், கையைப் பிசைந்துகொண்டு, கையுறையைக் கழற்றச் சொன்னார். பெரிய சீமாட்டி கழற்றினாள். குட்டைக் கை, கடித்த நகம், குச்சி மாதிரி நேரான சுண்டுவிரல். வளைத்து வரைந்து பார்த்தார், ஒடிந்த விரல் மாதிரியே இருந்தது. அழித்துவிட்டு எதிரில் இருந்ததை வரைந்தார். முகத்தில்தான் இருபது வயதைக் குறைத்திருக்கிறோமே, கையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

எல்லாரும் கையைத்தான் பார்த்தார்கள். நகர மண்டபத்தில் திரையை இழுத்ததும் பதினேழு சீமாட்டிகளும் ஒரே இடத்தை வெறித்தார்கள். பெரிய சீமாட்டியின் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரோட கை இது?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

ஓவியர் பதக்கத்தைப் பார்த்தார். வெல்வெட் பெட்டிக்குள் பளபளவென்று, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது.

"என் பெண்டாட்டி கைம்மா. அவசரத்துல மாறிப்போச்சு."

அட பாவி மனுஷா! இருபத்திரண்டு வருஷம் அவள் கையை எவளெவளுக்கோ கொடுத்தாய், கடைசியில் எவள் கையையோ அவள் தலையில் கட்டுகிறாயே!

கடைசி வரிசையிலிருந்து மனைவி எழுந்து வந்தாள். மேடை ஏறி, இடது கையை எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள். விரல் வளைந்திருந்தது. வம்சாவளிக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தார்.

"அம்மா, இந்த விரல்... எந்த மாளிகை ரத்தம் நீங்க?"

"ரத்தமா? ஏழு வயசுல கதவிடுக்குல மாட்டி ஒடிஞ்சுது. ரத்தம் நிறைய வந்துது, அது உண்மைதான்." பிறகு பெரிய சீமாட்டியின் பக்கம் திரும்பினாள். "பதினேழு வீட்டுலயும் மாட்டியிருக்கிறது இந்தக் கைதான். உங்களுக்கும் இப்படியே வேணும்னா வாங்க, எங்க வீட்டுல கதவு இருக்கு."

முதலில் சிரித்தது ஒரு சின்னப் பெண். சிரித்துக்கொண்டே சுண்டுவிரலில் கட்டியிருந்த நாடாவைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அவளுடைய அம்மா தடுக்கவில்லை.

பதக்கப் பெட்டியை யாரோ மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். ஓவியர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தார். சாப்பாட்டு மேஜையில் தட்டு இல்லை. அவளுடைய படம்தான் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் தூரிகையும் வண்ணமும் இருந்தன. எதிர் நாற்காலியில் அவள் மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல விரலை வளைங்க," என்றாள். "சாப்பாடெல்லாம் அப்புறம்."