எழும்புங்கோ

வதைமுகாமில் உயிர்தப்பிய யூதர் ஒருவரைப் பற்றி அவருடைய மகன் வரைந்த சித்திரக்கதையை 2004இல் எங்கள் ஒஸ்லோப் பள்ளியில் படித்தோம். நானும், இலங்கையில் அப்பாவை ஆமி பிடித்துவைத்திருந்த நாள்களை வரைந்தேன். ட்வெய்ட்டாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில், ஆமிக்காரன் அவரை எழுப்பும் முதல் படத்தைப் பார்த்ததுமே அப்பா மேசையில் அடித்தார்.

“‘எழும்புங்கோ’ எண்டு எந்த ஆமிக்காரனடா சொன்னவன்? இதைக் கீறச் சொல்லி ஆர் கேட்டது?”

“உங்களோடை அப்பிடித்தானே என்னைக் கதைக்கப் பழக்கினனீங்கள்!” நானும் கத்தினேன். “அப்ப என்னெண்டு சொன்னவங்கள்? சொல்லுங்கோ, மாத்திறன்.”

அப்பா பேனாவைப் பறித்தார். ஆமிக்காரனின் வாயருகே நான் எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, தாள் கிழிய அழுத்தி எழுதினார்: “எழும்படா, நாயே.”

தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இதற்கு அது தேவைப்படவில்லை. தினமும் காலையில் என்னைப் பள்ளிக்கு எழுப்ப, என் கட்டிலருகே நின்று அப்பா கத்துவது இதைத்தான்.