செவலைக்குப் பிடித்தவள்

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய குதிரை லாயத்தில் தீவனப் பொறுப்பு முழுவதும் அண்ணன் மனைவியிடம் இருந்தது. தம்பிக்குக் கல்யாணமாகி இளையவள் வந்ததும் அது பாதியாயிற்று. ஓட்ஸ் மூத்தவளுக்கு, காய்ந்த புல் இளையவளுக்கு.

அதுவரை செவலை என்ற பெட்டைக் குதிரைக்கு மூத்தவள் என்றால் உயிர். இப்போதோ இளையவள் புல்லை உதறும் சத்தம் கேட்டாலே கனைத்தது. அவள் தோளில் மூக்கைத் தேய்த்தது.

"பாத்தீங்களா அண்ணி, ஒரே மாசத்துல மயக்கிட்டா!" என்று கொழுந்தன் பெருமையடித்தபோது மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. வெறும் புல் போடுகிறவளுக்கா இவ்வளவு கொஞ்சல்?

மறுநாள் காலை, புல் வருவதற்கு முன்பே தொட்டி நிறைய ஓட்ஸைக் கொட்டினாள். செவலை ஆவலாகத் தின்றது. பார்க்கப் பார்க்க அவள் மனம் குளிர்ந்தது.

மதியம் செவலை காலால் தரையைப் பிறாண்டியது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. படுத்துப் புரண்டது.

கால்நடை மருத்துவர் அதன் வயிற்றில் காது வைத்துக் கேட்டார். "குடல் சத்தமே இல்ல. யாரு இவ்ளோ தானியம் போட்டது? குதிரைக்கு இரைப்பை சின்னதும்மா. நாள் பூரா புல்லை மென்னுக்கிட்டே இருக்கணும். மென்னாத்தான் எச்சில் ஊறும், நார் உள்ள போனாத்தான் குடல் நகரும். ஓட்ஸ் எல்லாம் அதுக்கு மேல கொஞ்சூண்டுதான்."

"நான்தான் டாக்டர், தெரியாம போட்டுட்டேன்," என்றாள் இளையவள்.

தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று மூத்தவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் எரிந்தது. குதிரையும் அவளுக்கு, மெச்சலும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கேவா?

"பொய் சொல்றா டாக்டர். போட்டது நான். இதுலயும் இவ பங்குக்கு வரணுமா?"

மருத்துவர் ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து செலுத்தினார். "மெதுவா நடத்துங்க. குடல் நகர்ந்து லத்தி போடுற வரைக்கும் எதுவும் குடுக்காதீங்க. அப்புறம் புல்லு மட்டும்."

இருவரும் ஆளுக்கொரு பக்கமாகச் செவலையை நடத்தினார்கள்.

"அக்கா, கோவமா?"

"ஆமா. முன்னல்லாம் என்னைப் பாத்துத்தான் கனைக்கும்."

"அது என்னையா பாக்குது? புல்லைப் பாக்குது. நாளையிலருந்து நீங்களே போடுங்க."

மூத்தவள் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விட்டுக்கொடுப்பதிலும் இவளே முந்திக்கொண்டாளே!

பொழுது சாயும்போது செவலை நின்றது. வாலைத் தூக்கி லத்தி போட்டது. இருவரும் கத்தியபடி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். சத்தம் கேட்டு அண்ணனும் தம்பியும் ஓடி வந்தார்கள்.

"நான்தான் முதல்ல பாத்தேன்," என்றாள் மூத்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.